கல்லறை வெண்கலச் சிலையில் என்ன கோளாறு? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர் கடைசியில், ஒரு ஆன்ட்டி கையில் பிளாஸ்டிக் வாளியோடு வந்தார். வாளிக்குள் ஊறவைத்த புளி, ஒரு பிடி கல்லுப்பு, கொஞ்சம் தேங்காய் நார். மாமனார் கல்லறையில் பதித்திருந்த வெண்கலப் பலகையைத் தேய்க்க வந்திருந்தார். "குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரிதானே தம்பி, வருஷா வருஷம் நான்தான் செய்றேன்" என்றார். குனிந்து பார்த்தேன். பெயரின் எழுத்துகளைச் சுற்றியிருந்த பள்ளங்களில் வெளிர்பச்சைப் பொடி கோடு கோடாக நின்றது. இறந்த வருடத்தின் கடைசி எண் மூன்றா எட்டா என்று படிக்க முடியவில்லை. அவ்வளவு தேய்ந்திருந்தது.

அவர் அன்போடு செய்த வேலைதான். ஆனாலும் அந்தப் பலகையை மழை தின்றதைவிட வாளி தின்றதே அதிகம். புளியின் அமிலம் வெண்கலத்தின் மேல்தோலைக் கரைத்துவிடுகிறது. உப்பு எழுத்துப் பள்ளங்களில் தங்கிவிடுகிறது. வீட்டு விளக்கு என்றால் நன்றாக அலசி, துடைத்து, கூரைக்குக் கீழே வைக்கிறோம். கல்லறைப் பலகை அன்று சாயங்காலமே மழையில் நனைகிறது. உப்பும் ஈரமும் சேர்ந்துவிட்டால் அப்புறம் அரிப்புக்கு யாரும் உதவி செய்ய வேண்டியதில்லை.

நான் பல வருடமாகச் சிங்கப்பூரில் உலோகச் சிலைகளைக் கழுவி, மெழுகு பூசிப் பராமரிக்கும் வேலை செய்கிறேன். பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றில் இருக்கும் ஒரு வெண்கலச் சிலையும் என் பொறுப்பில் இருக்கிறது. தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், இடது கை ஒரு கலசத்தின் மேல். எந்தத் தோட்டம் என்று சொல்லப்போவதில்லை. வெண்கலத்துக்குப் பழைய உலோகக் கடையில் விலை உண்டு, திருட்டுப் போகிறது. கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அந்தப் பெண்ணிடம் கற்றது. வெண்கலத்தில் எந்தக் கோளாறைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே தங்குகிறது, எதைக் கரைத்துக் கொண்டுவருகிறது?

தொடுவதற்கு முன்

முதலில் அனுமதி. சொந்தக் குடும்பத்தின் கல்லறை என்றாலும் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடுங்கள். சுவா சூ காங் கல்லறை தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் பொறுப்பு. கிராஞ்சி போர்க் கல்லறையைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பார்த்துக்கொள்கிறது. அங்கே தியாகச் சிலுவையில் பதித்திருக்கும் வெண்கல வாளை நின்று பார்க்கலாம், தேய்க்கக் கூடாது. அங்கே போகிறவர்கள் நினைவுச் சுவருக்குப் பின்னால் இருக்கும் தகன நினைவிடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். போரில் இறந்து, தங்கள் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஏறக்குறைய 800 பேரின் நினைவு அது. பெரும்பாலும் இந்தியப் படையினர். நம்மில் பலர் அதுவரை நடப்பதே இல்லை.

அடுத்து, அது வெண்கலம்தானா என்று பாருங்கள். புக்கிட் பிரவுன் 1922இல் திறந்து 1973இல் மூடப்பட்ட சீனக் கல்லறைத் தோட்டம். அங்கே புகழ்பெற்ற சீக்கியக் காவலர் உருவங்கள் கல்லும் சிமெண்டும். அவற்றுக்கு இந்தக் குறிப்பில் உள்ள எதுவும் பொருந்தாது. சந்தேகம் இருந்தால் ஒரு சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். இரும்பில் ஒட்டும், வெண்கலத்தில் ஒட்டாது. விரல் முட்டியால் மெல்லத் தட்டினால் வெண்கலம் கணீரென்று சொல்லும். பிசின் வார்ப்பு டொக்கென்று சொல்லும்.

நான்கு பக்கமும் படம் எடுத்து, தேதி குறியுங்கள். மூன்று மாதம் கழித்து "முன்பும் இப்படித்தான் இருந்ததா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். அப்போது பதில் சொல்லப்போவது அந்தப் படம்தான்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். இயற்கை மயிரில் செய்த மென்மையான தூரிகை, மூங்கில் குச்சி, பழைய பருத்தி வேட்டித் துணி, காய்ச்சி வடித்த நீர், மணமும் நிறமும் இல்லாத மிதமான சோப்பு, மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகு). கம்பித் தூரிகையும் இரும்பு நாரும் வேண்டாம், உடைந்த இரும்புத் துணுக்குகள் அங்கேயே துருப்பிடிக்கும். பிளீச் வேண்டாம். அழுத்தத்தில் நீர் பீய்ச்சும் இயந்திரமும் வேண்டாம், வார்ப்பில் இருக்கும் ஊசித்துளைகள் வழியாக அது தண்ணீரை உள்ளே தள்ளிவிடும். புட்டியில் வரும் பித்தளைப் பாலிஷ் வேண்டவே வேண்டாம். பலவற்றில் அம்மோனியாவும் உலோகத்தை அராவுகிற தூளும் இருக்கும்.

உடம்பு முழுக்கப் பச்சையாக இருக்கிறது

வெள்ளைத் துணியை விரலில் சுற்றி உலர்ந்தபடியே தேய்த்துப் பாருங்கள். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை, பச்சை சீராகவும் இறுக்கமாகவும் இருக்கிறது என்றால் சிலைக்கு ஒன்றும் இல்லை. சிலை வார்க்கும் வெண்கலத்தில் ஒரு வகை செம்பு 85 பங்கும், வெள்ளீயம், துத்தநாகம், காரீயம் தலா 5 பங்கும் கொண்டது. அந்தச் செம்பு காற்றோடும் நீரோடும் பல வருடம் பழகி எழுப்பிக்கொண்ட தோல் இந்தப் பச்சை. இதைச் சுரண்டினால் புது உலோகம் வெளியே வரும். அது மறுபடி தன்னை அரித்துக்கொண்டுதான் புதுத் தோலை உண்டாக்கும். ஒவ்வொரு முறை பளபளப்பாக்கும்போதும் சிற்பி வைத்த இமையும் நகக்கண்ணும் கொஞ்சம் கரைந்து போகின்றன. தூசி தட்டி, கழுவி, மெழுகு பூசினால் போதும்.

வெளிர்பச்சைப் பொடி, துடைத்தாலும் திரும்பத் திரும்ப வருகிறது

உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என் பொறுப்பில் உள்ள சிலையில் இடது அக்குளுக்குக் கீழே சேலை மாதிரி ஒரு மடிப்பு. அங்கே மழை நேரடியாகப் படாது. ஒரு நாள் தலையைச் சாய்த்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, மடிப்பின் அடியில் ஐந்தாறு பொட்டுகள். கீழே ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு குச்சியால் தொட்டேன். விபூதி மாதிரி நயமான பொடி, பிஸ்தா நிறத்தில், காகிதத்தில் உதிர்ந்தது. பொடி போன இடத்தில் கடுகு அளவுக்கு ஒரு குழி. குழியின் அடியில் சாம்பல் கலந்த வெளிர்ப் பச்சையில், மெழுகு போல வழவழவென்று ஒரு படிவு. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அந்தப் படிவு செம்பின் குளோரைடு. ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் அதிலிருந்து அமிலம் பிறக்கும். அமிலம் பக்கத்துச் செம்பைத் தின்று மறுபடி குளோரைடாகும். உப்பு தீர்ந்து போகாமல் சுற்றிச் சுற்றி வேலை செய்வதால், தானாக நிற்காது. இதை வெண்கல நோய் என்கிறார்கள். அருங்காட்சியகத்தில் என்றால் காற்றின் ஈரப்பதத்தை ஏறக்குறைய 42 சதவீதத்துக்குக் கீழே வைத்து அடக்கிவிடலாம். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரியே 80 சதவீதத்தைத் தாண்டும். வெளியில் நிற்கும் சிலைக்கு அந்த வழி இல்லை.

செம்பில் களிம்பு பிறவியிலேயே கூட இருப்பது என்று சைவத்தில் உயிருக்கும் மலத்துக்கும் உவமை சொல்வார்கள். உவமை ஆழமானது, மறுக்க மாட்டேன். ஆனால் பட்டறையில் நான் காணும் களிம்பு வெளியிலிருந்து வருவது. வருகிற வழி தெரிந்தால் அடைக்கலாம். கடற்காற்றில் உப்பு வரும். கைவியர்வையில் வரும். ஆன்ட்டியின் வாளியில் வந்தது. என் சிலைக்கு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தபோது தெரிந்தது: முந்தைய வருடம் பீடத்தில் சிமெண்டுக் கறையை எடுக்க வந்த ஒரு வேலைக்குழு, கல்லின் மேல் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றித் தேய்த்திருக்கிறது. புகையும் தெறிப்பும் மேலே ஏறி, மழை கழுவாத மடிப்பில் தங்கிவிட்டன. மழை படும் முதுகில் ஒரு பொட்டுகூட இல்லை. எனவே பொட்டு தேடும்போது அக்குள், தாடைக்கு அடி, இறக்கையின் உள்பக்கம், எழுத்துப் பள்ளம் என்று மழை எட்டாத இடங்களில் தேடுங்கள்.

செய்ய வேண்டியது: உலர்ந்த நாளில் பொடியை மென்தூரிகையால் காகிதத்தில் தட்டி எடுங்கள், காற்றில் ஊதாதீர்கள். மூக்குக்கு முகக்கவசம், கைக்குக் கையுறை. குழிக்குள் தெரிவதை மூங்கில் குச்சியால் முடிந்தவரை எடுங்கள். அப்புறம் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சை வைத்து ஒற்றி எடுங்கள். ஒரே நாளில் முடியாது, நான்கைந்து நாள் தொடர்ந்து செய்ய வேண்டும். நன்றாகக் காயவிட்டு, மெழுகு பூசாமல், ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். பொடி திரும்பவில்லை என்றால் மெழுகு பூசலாம். திரும்பிவிட்டால் அதோடு நிறுத்துங்கள், உலோகப் பாதுகாப்பு நிபுணரைக் கூப்பிடுங்கள். அவர்கள் பென்சோடிரையசோல் என்ற அரிப்புத் தடுப்பு மருந்தைச் சாராயத்தில் கரைத்துப் பூசுவார்கள். அது உடம்புக்குக் கெடுதல், வீட்டில் கலக்கிப் பார்க்கும் பொருள் இல்லை. பொடி இருக்கும்போதே மேலே மெழுகைப் பூசி மறைப்பது மிகப் பெரிய தவறு. உள்ளே நோய் நடந்துகொண்டே இருக்கும், நமக்குத் தெரியாமல் போய்விடும்.

கறுப்பும் பச்சையும் வரிவரியாக

மழைநீர் ஓடும் தடம் வெளிர்பச்சை. ஓடாத இடம் புழுதியும் புகையும் படிந்து கறுப்பு. முகத்தில் இருந்தால் அழுத கண்ணீர் மாதிரி தெரிந்து மனதைப் பிசையும். கழுவினால் ஓரளவு குறையும், முழுதாகப் போகாது. அதைப் போக்க முயலவும் வேண்டாம். மெழுகு பூசியதும் நிறம் கொஞ்சம் ஆழமாகி வரிகள் தணிந்து தெரியும். கண் பழக வேண்டுமானால் எஸ்பிளனேட் பூங்காவுக்குப் போங்கள். 1922இல் திறந்த போர் நினைவுச் சின்னத்தின் வெண்கலப் பெயர்ப் பலகைகளும், 1954இல் எழுப்பிய, இரண்டாம் உலகப் போர் வீரர் லிம் போ செங் நினைவகத்தின் நான்கு வெண்கலச் சிங்கங்களும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. மழை விட்டதும் போய், நீர் எந்த வழியாக இறங்குகிறது என்று நின்று பாருங்கள்.

பீடத்தின் கல்லில் பச்சைக் கறை

கறையை முதலில் எடுக்கப் போகாதீர்கள். வெண்கலத்திலிருந்து செம்புச் சத்து கரைந்து சொட்டுவது நிற்காதவரை கறை மறுபடி வரும். சிலைக்கு மெழுகு பூசுவது முதல் வேலை, கல் இரண்டாம் வேலை. பளிங்கில் கறை ஆழமாக இறங்கும், கருங்கல்லில் அவ்வளவு இல்லை. காகிதக் கூழையோ வெண்களிமண்ணையோ காய்ச்சி வடித்த நீரில் குழைத்து அப்பி, காயவிட்டு எடுத்தால் கொஞ்சம் வெளுக்கும். அம்மோனியா கலந்த பற்றுப் போட்டால் வேகமாகப் போகும் என்று சிலர் சொல்வார்கள். கல்லுக்குப் போடும் அம்மோனியா வெண்கலத்தைத் தாக்கும். அது கைதேர்ந்தவர்கள் செய்ய வேண்டியது.

மழை விட்டு இரண்டு நாளாகியும் கசிகிறது

சுவாமிமலையில் வார்க்கும் உற்சவர் திருமேனி உள்ளே இடைவெளி இல்லாமல் கனமாக வார்ப்பது. கல்லறையில் நிற்கும் ஆளுயரச் சிலை அப்படி இல்லை, உள்ளே பொள்ளல், சுவர் சில மில்லிமீட்டர்தான். ஊசித்துளை வழியாகவும் இணைப்பு வழியாகவும் தண்ணீர் உள்ளே போகும். அது வெளியேற அடியில் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். எறும்பு மண், உதிர்ந்த இலை, யாரோ பூசிய சிமெண்ட், எதுவும் அதை அடைத்துவிடும். அடியைச் சுற்றிலும் தேடி, மூங்கில் குச்சியால் திறந்துவிடுங்கள். ஒரு முறை நான் திறந்தபோது அரை வாளிக்கும் மேல் கறுப்புத் தண்ணீர் வந்தது, நெளியும் புழுக்களோடு. டெங்கிக்குக் கொசுப் புழு எங்கே கிடைக்கும் என்று வீடு வீடாகப் பார்க்கும் ஊரில், சிலையின் வயிற்றுக்குள் யாரும் பார்ப்பதில்லை.

கசிவு செம்மஞ்சள் நிறத்தில் இருந்தால் விஷயம் வேறு. வெண்கலத்தில் இரும்புத் துரு வராது. உள்ளே வார்ப்பின்போது விட்ட இரும்புக் கம்பியோ, நிறுத்தப் போட்ட இரும்பு போல்ட்டோ துருப்பிடிக்கிறது என்று பொருள். துரு ஊதும்போது வெண்கலம் வெடிக்கும். செம்மஞ்சள் கோடு மயிரிழை விரிசலில் இருந்து வந்தால் அன்றே நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள்.

மேலே வெள்ளைப் படலம்

என் தொடக்க நாட்களில் நானே உண்டாக்கிய கோளாறு. காலை எட்டு மணிக்குக் கழுவி, துணியால் துடைத்து, காய்ந்துவிட்டது என்று நம்பி மெழுகு பூசினேன். மடிப்புகளில் ஈரம் இருந்திருக்கிறது. மதியத்துக்குள் தோள் முழுக்கப் பால் தெளித்த மாதிரி வெளுத்தது. லேசான படலம் என்றால் வெயிலில் உலோகம் சூடானதும் மென்தூரிகையால் தேய்த்தாலே தெளிந்துவிடும். இல்லையென்றால் வைட் ஸ்பிரிட் (பெயிண்ட் கரைக்கும் திரவம்) நனைத்த துணியால் அந்த மெழுகை எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். வெயிலில் உரிந்த தோல் மாதிரி சுருண்டு எழும்பினால் அது மெழுகு இல்லை, பழைய அரக்குப் பூச்சு. அதை உரிக்க நிபுணர் வேண்டும், நகத்தால் கிள்ள வேண்டாம்.

மூக்கும் கையும் மட்டும் பொன்னிறம்

வருகிறவர்கள் தொட்டு வணங்குகிறார்கள். அதைத் தடுக்க எனக்கு மனம் வருவதில்லை. நிறம் தீட்டி ஒப்பேற்றாதீர்கள். அந்த இடத்துக்கு மட்டும் அடிக்கடி மெழுகு பூசினால் வியர்வை உப்பு உலோகத்தில் படாது.

மெழுகுவர்த்தி, குங்குமம், மாலை

வழிந்து இறுகிய மெழுகுவர்த்தியை மரக்குச்சியால் செதிலாகப் பெயர்த்து, மீதியை வைட் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் எடுங்கள். குங்குமத்தை நனைக்காதீர்கள், நனைத்தால் சாயம் பள்ளங்களில் இறங்கும். முதலில் உலர்ந்த தூரிகை. சந்தனம் வெறும் நீரிலேயே போய்விடும். மாலை போடுவது நம் வழக்கம், போடுங்கள். கம்பியில் கட்டாமல் நாரில் கட்டியதாகப் பார்த்து, மறுநாளே எடுத்துவிடுங்கள். மழையில் நனைந்து அழுகிய மல்லிகை கழுத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் விட்டுப் போகும். சீனர்கள் முன்னோர் கல்லறைக்குப் போகும் சிங் மிங் காலத்தில் பக்கத்துக் கல்லறையில் தாள் எரித்தால் சாம்பல் வந்து படியும். அன்றே தூரிகையால் தட்டிவிட்டால் தொல்லை இல்லை.

பறவை எச்சத்துக்கும் அமிலம் உண்டு. காய்ந்ததைச் சுரண்டினால் அதிலுள்ள மணல் கீறும். ஈரத்துணியை ஐந்து நிமிடம் போட்டு ஊறியதும் ஒற்றி எடுங்கள்.

ஆடுகிறது, அல்லது எழுத்து கழன்றுவிட்டது

கை எடுங்கள். ஆளுயரச் சிலை பொள்ளலாக இருந்தாலும் ஆளை நசுக்கும் எடை. கயிற்றால் கட்டி நிறுத்தாதீர்கள், ஆட்கள் நெருங்காதபடி தடுத்துவிட்டு நிர்வாகத்தைக் கூப்பிடுங்கள். கழன்ற எழுத்தை ஒட்டுப் பசையால் திரும்ப வைக்க வேண்டாம். காகிதத்தில் சுற்றி, எந்த இடத்திலிருந்து விழுந்தது என்று எழுதி ஒப்படையுங்கள். சரிசெய்கிறவர்களிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: போடப்போகும் போல்ட் எந்த உலோகம்? சாதா இரும்பு என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வெண்கலமும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு வேகமாக அரித்துப் போகும். சிலிக்கான் வெண்கலமோ 316 வகைத் துருப்பிடிக்காத எஃகோ கேளுங்கள்.

கழுவி மெழுகு பூசும் முறை

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதனால் வருடத்துக்கு ஒரு முறை போதும் என்று வெளிநாட்டுக் குறிப்புகள் சொன்னாலும் நான் இரண்டு முறை பூசுகிறேன். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன் ஒன்று, மார்ச்சில் வெயில் ஏறியதும் ஒன்று.

மேலிருந்து கீழாகச் சோப்பு நீரால் தூரிகை போட்டு, உடனே அலசுங்கள். கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில். துடைத்துவிட்டு, வெயில் மடிப்புகளுக்குள் போகும்வரை காத்திருங்கள். எனக்கு இது பெரும்பாலும் பதினொரு மணிக்கு மேல் ஆகும். உள்ளங்கையை வைத்தால் இதமான சூடு தெரிய வேண்டும். கை வைக்க முடியாத சூடு என்றால் குடை பிடித்து ஆறவிடுங்கள். தூரிகையில் மெழுகைக் கொஞ்சமாகத் தொட்டு, வட்டமாகத் தேய்த்து, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாகப் பரப்புங்கள். தடியாகப் பூசினால் பள்ளத்தில் தங்கித் தூசியைப் பிடிக்கும். அரை மணி நேரம் விட்டு, சுத்தமான தூரிகையாலும் பிறகு வேட்டித் துணியாலும் மெருகேற்றுங்கள். இன்னொரு பூச்சு. எழுத்துப் பள்ளங்களுக்குச் சிறிய தூரிகை.

அந்த ஆன்ட்டியின் பலகைக்கும் இதையேதான் செய்தோம். பொடியை எடுத்து, ஐந்து நாள் ஒற்றி, ஒரு வாரம் காத்திருந்து, அப்புறம் மெழுகு. திருநாளுக்குள் முடியவில்லை, அவருக்கு வருத்தம்தான். அந்த வருடம் அவர் பச்சையும் பழுப்புமாக இருந்த பலகைக்கு முன்னால்தான் மெழுகுவர்த்தி ஏற்றினார், பலகையிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து. கடைசி எண் மூன்றுதான் என்று பழைய இறப்புச் சான்றிதழைப் பார்த்துச் சொன்னார். அதையும் படத்தோடு குறித்து வைத்திருக்கிறேன்.

பூசி முடித்த பிறகு வரும் முதல் மழையில் போய்ப் பாருங்கள். மெழுகு இருக்கும் இடத்தில் நீர் முத்து முத்தாகத் திரண்டு உருண்டு ஓடும். பரவி, கறுப்பாக ஒட்டி நிற்கும் இடம் மெழுகு விடுபட்ட இடம். அதைப் படம் எடுத்துக்கொண்டு, அடுத்த வெயில் நாளில் அங்கே மட்டும் இன்னொரு பூச்சு கொடுங்கள்.